காருக்குப் பின்னால் ஒரு கொக்கி

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் நெய்தல் ஹைட்ஸ் என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. மூன்று கட்டிடம், நானூற்றுப் பத்து வீடு. முகப்பில் ஆறடி உயரத்துக்கு ஒரு பித்தளை மீன் வாலை ஊன்றித் துள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே மீன் விற்க முடியாது.

விற்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நலச் சங்கத்தின் பதினேழாவது விதி சொல்வது இவ்வளவுதான்: சரக்கு வாகனங்களும் ஆட்டோக்களும் உள்ளே வரக் கூடாது, கார்களும் இருசக்கர வாகனங்களும் வரலாம். காசிமேட்டில் விடிகாலையில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியோடு லோடு ஆட்டோவில் வரும் பச்சையம்மாவுக்கு அந்த விதியால் வழி கேட்டோடு முடிந்தது. வெளியே, நடைபாதை ஓரத்தில், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். உள்ளே இருப்பவர்கள் வாட்ஸப்பில் பத்துக் கிலோ கேட்பார்கள். ஆனால் லிஃப்டில் இறங்கி, முந்நூறு அடி நடந்து, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் நின்று வாங்க மூன்று பேருக்குத்தான் மனசு வரும். மிச்ச மீனுக்கு வெயிலில் கண் வெளுத்துவிடும். கண் வெளுத்த மீனை விற்பவள் என்று பெயர் எடுக்கப் பச்சையம்மா தயாராக இல்லை.

சங்கச் செயலாளர் ஜெகதீசன் ஓய்வுபெற்ற அதிகாரி. அவரிடம் கேட்டபோது விதிப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி, "கார்ல வந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. விதி அப்படி" என்றார்.

இல்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். பச்சையம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்ப கார்லயே வர்றேன் சார்."

சொன்ன சொல்லை விழுங்க முடியாத சங்கடத்தில் ஜெகதீசன் ஒரு தேதி கொடுத்தார். பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரு நாள் பார்ப்பார்கள். கமிட்டிக்குத் திருப்தி என்றால் நிரந்தர பாஸ். ஏதாவது கோளாறு என்றால் இந்தப் பேச்சு இனி எந்த மீட்டிங்குக்கும் வராது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. மூன்று கை மாறிய, எண்ணூறு சிசி குட்டிக் கார். வாங்கியது அவள் புருஷன் பொன்னுரங்கம். இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுகத்தில் நாற்பதடி கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். அந்தச் சின்ன வண்டியில் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்பான். இடித்தது கௌரவம். ஆகவே பச்சையம்மா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகி, அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். கஷ்டம் என்னவென்றால், அவளுடைய ஐஸ் பெட்டி நாலடி நீளம். அது காரின் எந்தக் கதவு வழியாகவும் நுழையாது.

கல்மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கும் முதஸ்ஸிர் அதற்கு வழி சொன்னான். இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம், இரண்டு ஆட்டோ சக்கரம், மேலே பெட்டி, பின்பக்கம் திறக்கும் கதவு, முன்பக்கம் நீண்ட மூக்கு. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். நாலு நாளில் குட்டி டிரெய்லர் தயாராகிவிட்டது. பாக்கி இருந்தது, காரையும் அதையும் சேர்க்கும் கொக்கி மட்டும்.

வேறு ஊராக இருந்தால் அரை நாள் வேலை. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டிரெய்லரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆம்பளையே கிடையாது. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் அன்று காலை பொன்னுரங்கத்தோடு சேர்த்து நாலு டிரைவர்கள் இருந்தார்கள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாலு பேரும் எழுந்து வந்தார்கள்.

"டிரெய்லர்னா கிங் பின்னுதான்மே" என்று பொன்னுரங்கம் ஆரம்பித்தான். "நாப்பது டன்னு இழுத்துகினு போறேன் நானு. ஒரு நாளு கயண்டிருக்குமா?"

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. கண்டெய்னர் டிரெய்லரின் அடிவயிற்றில், முன்பக்கமாக, இரண்டங்குல கனத்தில் ஓர் இரும்பு முளை தொங்கும். அதுதான் கிங் பின். இழுக்கிற லாரியின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு ஒன்று, பின்பக்கம் வாய்போலப் பிளந்திருக்கும். லாரி ரிவர்ஸில் போய் டிரெய்லருக்கு அடியில் நுழைந்தால், முளை அந்தப் பிளவில் சறுக்கிப் போய் நிற்கும். உள்ளே இருக்கும் தாடை அதைக் கவ்விக்கொள்ளும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. ஆனால் அதன் சாமர்த்தியம் கவ்வலில் இல்லை, தட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. அது லாரியின் பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பதால், வந்து இறங்கும் எடையை அந்தச் சக்கரங்களே வாங்கிக்கொள்கின்றன. ஆக, அந்தத் தட்டை வைக்க வேண்டுமானால் பின்சக்கரத்துக்கு மேல்தான் வைக்க வேண்டும். பச்சையம்மாவின் காரில் அந்த இடத்தில் பின்சீட்டு இருந்தது.

"சீட்டத் தூக்கிரு" என்றான் பொன்னுரங்கம். "மேல கூரைய லைட்டா அறுத்துட்டா..."

"உன் தலைய அறுக்குறேன் இரு. அப்பால கூரைய பாத்துக்கலாம்."

தண்ணி டிராக்டர் ஓட்டும் வெற்றி முன்னால் வந்தான். "அக்கா, கிங் பின்னெல்லாம் வோணாம். டிராக்டர் கொக்கி போடு. ஓட்டைல ஒரு இரும்புக் குச்சிய சொருவுனா மேட்டர் ஓவர்."

அது எளிமையான சங்கதி. காரில் ஒரு ஓட்டை, டிரெய்லரின் மூக்கில் ஒரு ஓட்டை, இரண்டையும் நேராக வைத்து மேலிருந்து ஒரு முளையை இறக்க வேண்டியதுதான். ஆனால் முளையைவிட ஓட்டை பெரிதாக இருந்தால்தான் வளைவில் திரும்ப முடியும். அந்த இடைவெளி, பிரேக் போடும்போதெல்லாம் 'டங்' என்று முன்னால் இடிக்கும், கிளம்பும்போது 'டங்' என்று பின்னால் இழுக்கும். தண்ணீருக்கு அடி படாது. சங்கரா மீனுக்குப் படும். வயிறு கிழிந்த சங்கராவை யார் வாங்குவார்கள்?

"மூணாவதா ஒண்ணு கீதுக்கா" என்று முதஸ்ஸிர் தயங்கினான். "ஃபாரின்ல கார்க்காரனுங்க போட்டுக்குறது. உருண்டை. ஆனா அது லட்டு சைஸுலதான் இருக்கும். உனுக்குப் போய் அத்தப் போட்டுக் குடுத்தா நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்புடிக்கா நடமாடுறது?"

பச்சையம்மா காரின் டேஷ்போர்டைத் திறந்து உள்ளே கிடந்த புத்தகத்தை எடுத்தாள். வாங்கிய நாளிலிருந்து மூன்று முதலாளிகளும் பிரிக்காத புத்தகம். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தடவித் தடவித்தான் வரும். எண்கள் அப்படியில்லை, பார்த்த மாத்திரத்தில் புரியும். ஒரு பக்கத்தில் காரும் அதன் பின்னால் குட்டி டிரெய்லரும் படமாகப் போட்டிருந்தது. டிரெய்லருக்கு நேராக 300 கிலோ. கொக்கியின் மேல் கீழ்நோக்கி ஓர் அம்பு வரைந்து, அதற்கு நேராக 30 கிலோ.

"மொத்தம் முந்நூறு. கொக்கி மேல குந்துற கனம் முப்பது. அவ்ளோதான் தாங்குமாம்" என்றாள்.

டீக்கடை சிரித்தது. துறைமுகச் சாலையில் எழுதியிருக்கும் எடை என்பது கடைக்காரன் சொல்லும் முதல் விலை மாதிரி. அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும்.

"கம்பெனிக்காரன் பயத்துல போட்டுக்கீறான்" என்றான் பொன்னுரங்கம். "முந்நூறுன்னு போட்டான்னா மூவாயிரம் தாங்கும். நீ மார்க்கெட்டுக்குப் போ. இத்த நாங்க பாத்துக்குறோம்."

போனாள். அது தப்பு என்று அவளுக்கு அப்போதே தெரியும். ஆனால் மூன்று படகு அன்று வந்திருந்தது, ஏலத்தை விட முடியாது.

கல்மண்டபத்துப் பட்டறைகளில் இரும்பு வேலைக்குக் கூலி கிலோ கணக்கு. செய்து முடித்த சாமானைத் தராசில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஆகவே கனமான வேலைதான் நல்ல வேலை என்ற நம்பிக்கை அங்கே யாருக்கும் சிரமமில்லாமல் வந்துவிடும். முதஸ்ஸிர் ஏமாற்றுக்காரன் இல்லை. மனசார நம்புகிறவன். மனசார நம்புகிற பட்டறைக்காரனும், நாற்பது டன் இழுக்கிற புருஷனும் சேர்ந்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்து முடித்திருந்தார்கள்.

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது காரின் பின்னால் ஒரு ரயில் பெட்டிக்கு மாட்டலாம்போல ஒரு கொக்கி இருந்தது. அரையங்குலத் தகடு, சேனல் இரும்பு, நாலு பக்கமும் முட்டுக்கட்டை, சிவப்பு பெயிண்ட். எலுமிச்சம்பழம் சொருகிச் சூடம் காட்டியாகிவிட்டது. பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சோக்கா கீதா?"

"எவ்ளோ கனம்?"

"நாப்பத்தெட்டு கிலோக்கா" என்றான் முதஸ்ஸிர், பரீட்சையில் மார்க் சொல்லும் பிள்ளைபோல.

பச்சையம்மா காரைச் சுற்றி வந்தாள். கார் பின்பக்கம் குந்தியிருந்தது, முன்பக்கம் முகவாயைத் தூக்கியிருந்தது. பார்க்கில் பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசாப் பலகைக் கணக்குதான் இது. பின்சக்கரம் நடு அச்சு. அதற்குப் பின்னால் கனத்தை வைத்தால் முன்பக்கம் மேலே எழும். இந்தக் காரை நகர்த்துவதும் திருப்புவதும் முன்சக்கரங்கள்தான். அவை தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங் ஆலோசனை சொல்லலாமே தவிர உத்தரவு போட முடியாது. பட்டறைக்குள் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிச்சம் எதிர்ச் சுவரின் காலண்டரைத் தாண்டி, கூரைத் தகட்டில் போய் விழுந்தது.

"புக்குல இன்னா போட்டுக்கீது? கொக்கி மேல முப்பது கிலோ" என்றாள் பச்சையம்மா. "மீனு ஏத்தல. டிரெய்லரே மாட்டல. கொக்கியே நாப்பத்தெட்டு."

"அது டிரெய்லர் வந்து குந்துற வெயிட்டும்மே. கொக்கி வெயிட்டு கணக்குல வராது."

"அது காருக்குத் தெரியுமாய்யா?"

பொன்னுரங்கம் டீக்கடையைப் பார்த்தான். டீக்கடை டீயைப் பார்த்தது.

முதஸ்ஸிர் காரின் அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டான். லாரிக்கு அடியில் இரண்டு நீளமான இரும்பு உத்தரம் ஓடும். என்ன கனத்தைக் கட்டினாலும் அது தாங்கும். இந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. மடித்து மடித்து ஒட்டிய தகடுதான் அதன் எலும்பும் தோலும். "பிஸ்கோத்து டின்னுக்கா. டின்னுல நங்கூரத்தக் கட்டிட்டேன்" என்றான். கொஞ்சம் அழுகிற மாதிரி இருந்தான்.

"கயட்டு. லட்டு வாங்கினு வா."

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில், யாரோ கழித்துப் போட்ட விசைப்படகு டிரெய்லரிலிருந்து கழற்றிய உருண்டைக் கொக்கி கிடைத்தது. ஐம்பது மில்லிமீட்டர் குறுக்களவில் பளபளவென்று ஓர் எஃகு உருண்டை, அதன் மேல் கவிழ்ந்து உட்காரும் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஒரு நாக்கு உருண்டையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு கைப்பிடி. தூக்கினால் நாக்கு விலகும், விட்டால் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ. பச்சையம்மா கிண்ணத்தை உருண்டையின் மேல் வைத்து அசைத்துப் பார்த்தாள். இடம் வலமாகத் திரும்பியது, அது வளைவுக்கு. மேலும் கீழும் சாய்ந்தது, அது ஸ்பீடு பிரேக்கருக்கு. பக்கவாட்டில் உருண்டு கொடுத்தது, அது ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது. எண்ணூர் சாலையில் அது மற்ற இரண்டையும்விட அதிகம் வேண்டியிருக்கும். இத்தனைக்கும் 'டங்' என்ற சத்தம் இல்லை. தோள் மூட்டு மாதிரி இருந்தது.

காரின் டிக்கிக்கு அடியில் நிறுவனமே விட்டிருந்த நாலு போல்ட் ஓட்டைகளுக்கு அளவெடுத்து, முதஸ்ஸிர் அகலமான மெல்லிய தகடு ஒன்றை அறுத்தான், இழுக்கிற பலம் ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக. காப்புச் சங்கிலி இரண்டு போட்டான். இடது சங்கிலி வலது பக்கமும், வலது சங்கிலி இடது பக்கமும். உருண்டை எப்போதாவது விட்டுப்போனால், குறுக்கே ஓடும் அந்த இரண்டு சங்கிலியும் தொட்டில்போல டிரெய்லரின் மூக்கை ஏந்திக்கொள்ளும், மூக்கு தார்ச் சாலையில் குத்தாது. கடைசியாக டிரெய்லரின் பின்விளக்குக்கு வயரும் ஒரு பிளக்கும்.

பொன்னுரங்கம் அதைச் சுற்றி வந்து உருண்டையை இரண்டு விரலால் தொட்டான்.

"கோலிக்குண்டு."

"சரிய்யா, கோலிக்குண்டு."

"கோலிக்குண்ட நம்பி என் பொண்டாட்டிய நான் ரோட்டுல வுடணுமா மாமு?" என்று முதஸ்ஸிரைக் கேட்டான். முதஸ்ஸிர், "என்னைய இன்னாத்துக்குக் கேக்குற, நான் ஏற்கெனவே அசிங்கப்பட்டுக்கீறேன்" என்று மிஷினை ஓடவிட்டான்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. காசிமேட்டில் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே கிளம்பினாள். பொன்னுரங்கம் முட்டியை மடக்கிக்கொண்டு பக்கத்தில். முப்பதில் வண்டி சமர்த்தாக வந்தது. நாற்பதைத் தொட்டதும் கண்ணாடியில் பெட்டி ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது, அப்புறம் மறு பக்கம். அடுத்த நிமிஷம் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டத் தொடங்கியது.

"பிரேக்க அமுக்காத! ஆக்சிலேட்டர வுடு, ஸ்டியரிங்க நேரா புடி!" இதில் மட்டும் பொன்னுரங்கம் சொன்னது அத்தனையும் சரி. இருபத்திரண்டு வருஷம் சும்மா போகவில்லை. வேகம் குறைய, ஆட்டமும் குறைந்தது. கடலோரப் பாறைகளை ஒட்டி நிறுத்தினாள். நாளை இந்த ஆட்டம் கமிட்டியின் கண்முன்னால் நடந்தால்?

"நான் சொன்னேன்ல? கோலிக்குண்டு! அந்த செகப்புக் கொக்கிய மாட்டிருந்தா இப்புடி ஆடுமா? இப்பவே முதஸ்ஸிருக்குப் போனப் போடுறேன்."

பச்சையம்மா கீழே இறங்கிப் பின்னால் போனாள். கைப்பிடியைத் தூக்கிக் கொக்கியை விடுவித்தாள். டிரெய்லரின் மூக்கு கீழே விழும் என்று காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அது விழவில்லை. தானாக மேலே எழுந்து அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

ஒரு கையால் மூக்கை அமுக்கினாள், விட்டதும் மறுபடி எழுந்தது. அப்புறம் பெட்டியின் பின்கதவைத் திறந்தாள்.

காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் கடை பரப்புவது ஒரே மாதிரி. வாங்க வருபவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் பெரிய மீன். வஞ்சிரம், கொடுவா, அதற்குக் கீழே அதைத் தூக்கிக் காட்ட ஒரு முழு ஐஸ் கட்டி. சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் உள்ளே, தள்ளி. கூடையானாலும் பலகையானாலும் பெட்டியானாலும் அதுதான் முறை. பச்சையம்மாவின் கை யோசிக்காமல் அதையே செய்திருந்தது. வாங்குபவர் நிற்பது பின்கதவில். ஆகவே அத்தனை கனமும் பின்கதவில், சக்கரத்துக்குப் பின்னால்.

இழுபடுகிற வண்டியில் கனம் சக்கரத்துக்கு முன்னால் இருந்தால், அது இழுத்த இழுப்புக்கு வரும். பின்னால் இருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் வால் ஒரு பக்கம் ஓடும், மூக்கு காரின் பின்புறத்தை மறு பக்கம் தள்ளும், கார் திரும்பும், வால் இன்னும் ஓடும். வேகம் கூடக் கூட அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். கொக்கி ஐந்து கிலோவா நாற்பத்தெட்டு கிலோவா என்பது அந்த வாலுக்குத் தெரியாது.

"தராச எடுய்யா" என்றாள்.

"இன்னாத்துக்கு? ரோட்டுல யாராவது மீனு கேட்டாங்களா?"

"மூக்கு எவ்ளோ கனம்னு பாக்கணும்."

மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மூக்கை அதில் உட்கார வைக்கப் பார்த்தாள். உட்காரவே இல்லை. ஐஸ் கட்டியை இழுத்துப் பெட்டியின் முன்பக்கத்தில் தள்ளினாள். மூக்கு இறங்கிக் கட்டையைத் தொட்டது. தராசு பதினொன்று காட்டியது. கொடுவாவை நகர்த்தினாள். பதினேழு. வஞ்சிரம் மூன்றையும் ஒவ்வொன்றாக, தலை முன்னால் இருக்க அடுக்கினாள். இருபத்தேழு.

சட்டம், பெட்டி, மீன், ஐஸ் எல்லாம் சேர்த்து அவள் கணக்கில் இருநூற்று எழுபது கிலோ. மூக்கில் அதில் பத்தில் ஒரு பங்கு. புத்தகம் சொன்ன முப்பதுக்கும் உள்ளே. மாட்டினாள், ஓட்டினாள். நாற்பது, நாற்பத்தைந்து. கண்ணாடியில் பெட்டி ஒரு விரல்கூட விலகவில்லை.

எர்ணாவூர் தாண்டியதும் பொன்னுரங்கம், "இந்தப் பக்கம் ரோடு நல்லா போட்டுக்கீறாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நெய்தல் ஹைட்ஸ் கேட்டில் கமிட்டி வந்து நின்றது. ஜெகதீசன், கையில் விதிப் புத்தகம். அவருக்குப் பின்னால் இரண்டு உறுப்பினர்கள், கையில் பை. காவலாளி சிலுவைமுத்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். மேலே பால்கனிகளில் நைட்டிகளும் லுங்கிகளும் எட்டிப் பார்த்தன.

கார் நேராக வந்து நின்றது. ஜெகதீசன் முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

"கார் சரி. பின்னாடி இருக்கறது சரக்கு வாகனம்."

"அதுக்கு இன்ஜினே இல்லையே சார்."

"கார்ல மாட்டியிருக்கற வரைக்கும் ரெண்டும் சேர்ந்து ஒரே வண்டி. அதுல சரக்கு இருக்கு. அப்ப மொத்தமும் சரக்கு வாகனம். பதினேழாவது விதிப்படி அனுமதி இல்லை."

பச்சையம்மா ஒரு வாரம் இரும்போடு மல்லுக்கட்டியது இந்த ஒரு வாக்கியத்துக்கா? பொன்னுரங்கம் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினான். அது காரியத்தைக் கெடுக்கும். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாட்டலன்னா சார்?"

ஜெகதீசன் யோசித்தார். விதியின் முன்னால் நேர்மையானவர் அவர். "மாட்டலைன்னா அது... இன்ஜின் இல்லை, டிரைவர் இல்லை... அது வாகனமே இல்லை."

பச்சையம்மா பின்னால் போனாள். விளக்கு பிளக்கை உருவினாள். சங்கிலிகளைக் கழற்றினாள். கைப்பிடியைத் தூக்கினாள். நாக்கு விலகியது, கிண்ணம் உருண்டையைவிட்டு எழுந்தது. பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது. பிறகு காரில் ஏறி, "எழுதிக்கோப்பா, காரு ஒண்ணு" என்று சிலுவைமுத்துவிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓட்டிப்போய் இருபதடி தள்ளி நிறுத்தினாள்.

கேட்டுக்கு வெளியே பெட்டி தனியாக நின்றது. கமிட்டி அதைப் பார்த்தது.

"இத்த எந்தக் கட்டத்துல எழுதுறது சார்?" என்றான் சிலுவைமுத்து. நோட்டில் நாலு கட்டம் இருந்தது. கார், இருசக்கரம், விருந்தினர், லக்கேஜ். "போன வாரம் பி பிளாக்குக்கு பிரிட்ஜ் ஒண்ணு சக்கரம் வெச்ச பலகைல வந்துச்சி. லக்கேஜ்னு எழுதுனேன். நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க."

ஜெகதீசன் நோட்டை வாங்கித் தன் கையெழுத்தைப் படித்தார். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முன்னுதாரணம் ஒன்றைத் தாண்டி அவர் போனதே இல்லை. அதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, அங்க என்ன பேசிட்டே இருக்கீங்க? வஞ்சிரம் தீர்ந்துடப் போகுது!"

"லக்கேஜ்" என்றார் ஜெகதீசன், மெல்ல.

பச்சையம்மா மூக்கைப் பிடித்துத் தூக்கினாள். இருபத்தேழு கிலோ, தலையில் அவள் சுமந்திருக்கும் கூடைகளில் அது ஒரு கூடையே இல்லை. மிச்சத்தைச் சக்கரங்கள் தாங்கின. ஒற்றைக் கையால் இழுத்தபடி கேட்டைத் தாண்டினாள். உள்ளே காருக்குப் பின்னால் கொண்டுபோய்க் கிண்ணத்தை உருண்டையின் மேல் இறக்கினாள். 'க்ளிக்'.

"இப்ப மறுபடி மாட்டறீங்களே!"

"உள்ள மாட்டக் கூடாதுன்னு போட்டுக்கீதா சார்?"

ஜெகதீசன் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். விதி நுழைவதைப் பற்றி மட்டுமே பேசியது. உள்ளே வந்துவிட்ட காரும் உள்ளே வந்துவிட்ட லக்கேஜும் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஏ பிளாக், பி பிளாக், சி பிளாக். பெரிய மீன் கண்ணில் படவில்லை என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவள் கையை உள்ளே விட்டு முன்னாலிருந்து வஞ்சிரத்தை இழுத்துக் காட்டியதும், ஒளித்து வைத்திருக்கும் சரக்கு என்றால் விசேஷமாகத்தான் இருக்கும் என்று அதற்காகவே வாங்கினார்கள். ஒவ்வொரு வஞ்சிரம் போனதும் ஒரு துண்டு ஐஸை முன்னால் தள்ளிக்கொண்டாள். பத்தரை மணிக்குள் பெட்டி காலி. மீனின் கண் ஒன்றுகூட வெளுக்கவில்லை.

கேட்டருகில் பொன்னுரங்கம் இரண்டு உறுப்பினர்களுக்கும் சிலுவைமுத்துவுக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். "கிங் பின்னெல்லாம் இதுக்கு ஒத்து வராது நைனா. பேஜாரு. இது உருண்டை, அம்பது மில்லி. மூணு பக்கமும் திரும்பும். எல்லாத்தையும் பாத்து நான்தான் செலக்ட் பண்ணேன்."

பச்சையம்மா அதைக் கேட்டுக்கொண்டே சங்கிலியைக் கழற்றினாள். வெளியே போகும்போதும் லக்கேஜ் தனி, கார் தனி.

சாயங்காலம் பாஸ் வந்தது, ஜெகதீசன் கையெழுத்தோடு, வாட்ஸப்பில்: நிரந்தரம், ஞாயிறு மற்றும் புதன், கார் ஒன்று, லக்கேஜ் ஒன்று.

புதன்கிழமை அவள் போனபோது கேட்டில் புதிதாக ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. வளாகத்துக்குள் லக்கேஜ்கள் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது. லக்கேஜ்கள் நடைபாதையில் நிறுத்தப்படக் கூடாது. லக்கேஜ்கள் ஹாரன் அடிக்கக் கூடாது.

"இன்னாக்கா இது, லக்கேஜுக்கு ஏதுக்கா ஹாரனு?" என்றான் சிலுவைமுத்து.

"இல்லல்ல? அப்ப நாம ரூல்ஸ மீறல." பச்சையம்மா கைப்பிடியைத் தூக்கினாள். "காரு ஒண்ணு எழுதிக்கோ. கேட்ட நல்லா தொற, இந்தப் பக்கம் இடிக்குது."